நாட்டுக்கே தடையா, ஆட்களுக்கு மட்டுமா?

பர்மாவில் நிலத்தையும் வட்டிக்கடையையும் இழந்து திரும்பிய குடும்பங்கள் காரைக்குடிப் பக்கம் நிறைய. எங்கோ எடுக்கும் முடிவு சம்பந்தமில்லாத வீட்டையும் சாய்க்கும் என்பது செட்டிநாடு அறிந்ததுதான். 1990-இல் ஐ.நா. பாதுகாப்பு அவை ஈராக் நாட்டுக்கே விதித்த முழு வணிகத் தடையும் அப்படியே: ஆட்சி நிலைத்தது, மக்கள் உணவுக்கும் மருந்துக்கும் தவித்தார்கள்.

ஆட்களைக் குறிவைக்கும் தடை வேறு வகை. ஆப்பிரிக்க நாடான அங்கோலாவின் யுனிடா கிளர்ச்சிக் குழுவுக்கு அதே அவை விதித்தது 1997-இல் தலைவர்கள் மீது பயணத் தடை, 1998-இல் சொத்து முடக்கம், அதன் வைர விற்பனைக்குத் தடை. எனக்கு இதுவே நியாயமாகப் படுகிறது. சரி, சிக்கல் யார் மீது தடை என்று முடிவு செய்யும் பேச்சுவார்த்தையில்தான். தடைப் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்க, பாதுகாப்பு அவை உறுப்பினர்களே அடங்கிய தடைக் குழுவின் 15 நாடுகளும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாடு மறுத்தாலும் நின்றுவிடும். அதற்குள் பணம் கைமாறிவிடலாம். காங்கோவின் எம்23 கிளர்ச்சி அமைப்பு பட்டியலில் ஏறியது 2012 டிசம்பர் 31 அன்று. அந்நாட்டின் கோமா நகரை அது நவம்பரிலேயே பிடித்திருந்தது.