எம்.சி.ஆர். செருப்பு: அழுத்திப் பார்த்து வாங்குங்கள்

கடைக்காரர் எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) என்று சொல்லி எடுத்துப் போடுவதெல்லாம் எம்.சி.ஆர். ஆகிவிடாது. காலில் மாட்டிப் பார்க்கும் முன் கையில் எடுத்து, கட்டைவிரல் மேலேயும் ஆள்காட்டி விரல் அடியிலும் இருக்கும்படி ஓரத்தைப் பிடித்து நன்றாக அழுத்துங்கள். மேல் ரப்பர் பாதி கனத்துக்கு அமுங்க வேண்டும். விரலை எடுத்ததும் பள்ளம் தெரியாமல் பழைய நிலைக்கு வர வேண்டும். ஒட்டப் பிழிந்ததுபோல் முழுக்க அமுங்கினால் அது வெறும் ஸ்பான்ஞ்சு. கொஞ்சமும் அமுங்காவிட்டால் சாதாரண ஹவாய் செருப்பு ரப்பர். ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் கணக்கில் 15 முதல் 20 வரை இருப்பதுதான் சரியான பதம்.

கால் மரத்துப்போனவர்களுக்கான செருப்பு இது. சர்க்கரை நோயாளிகளும் தொழுநோய் குணமானவர்களும்தான் பெரும்பாலும் வாங்குகிறார்கள். உணர்ச்சி நன்றாக உள்ளவர்கள் "மெத்தென்று இருக்கிறது" என்று வாங்கினால் தவறில்லை, ஆனால் அவர்களுக்கு இது அவசியமும் இல்லை. உங்களுக்குத் தேவையா என்று தெரிந்துகொள்ள மருத்துவமனையில் 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு தொட்ட இடத்தைச் சொல்ல முடியவில்லை என்றால் வெறுங்கால் நடை அன்றோடு முடிந்தது.

இந்தச் செருப்பு நம் ஊர்ச் சரக்கு என்பது பலருக்குத் தெரியாது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையிலும் பக்கத்திலுள்ள கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் டாக்டர் பால் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் தொழுநோயாளிகளுக்காகப் பாடுபட்டதில் வளர்ந்தது இது. பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். தந்தை மலைமக்களின் புண்களுக்கு மருந்து போட்டதைச் சிறுவயதில் பார்த்து அருவருத்து, மருத்துவமே வேண்டாம் என்று ஒதுங்கியவர். இங்கிலாந்தில் தச்சும் கொத்து வேலையும் கற்று, அதன் பிறகுதான் மனம் மாறி லண்டனில் டாக்டரானார். 1946-இல் வேலூர் வந்தார். செங்கல்பட்டை அடுத்த திருமணி தொழுநோய் இல்லத்தில், மடங்கிப்போன ஒரு கை தன் கையை இறுக்கிப் பிடித்த வலிமையை உணர்ந்தபோது, அந்தக் கையில் நல்ல தசைகள் இன்னும் மிச்சம் இருக்கின்றன என்று அவருக்குப் புரிந்தது. அதிலிருந்து தொடங்கியவைதான் அவர் கைகளைச் சீர்செய்த அறுவைச் சிகிச்சைகள்.

கால் புண் அதைவிடச் சிக்கலாக இருந்தது. தொழுநோயாளியின் சதை தானாக அழுகுகிறது என்றே அன்றைக்கு நம்பினார்கள். மாவுக்கட்டுப் போட்டு ஓய்வு கொடுத்தால் அதே சதை மற்றவர்களுக்கு ஆறுவதுபோலவே ஆறியது. கட்டைப் பிரித்து வீட்டுக்கு அனுப்பினால் சில வாரங்களில் அதே இடத்தில் மறுபடி புண். காரணம் நோய்க்கிருமி அல்ல, வலி இல்லாததுதான். வலி தெரிகிற நாம் நடக்கும்போது அறியாமலே காலைச் சற்றுத் திருப்பி, வலிக்கிற இடத்துக்கு ஓய்வு கொடுத்துக்கொண்டே போகிறோம். மரத்த கால் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான தடவை மிதிக்கிறது. அந்த மிதியைப் பாதம் முழுவதும் பரப்பிக் கொடுப்பதுதான் எம்.சி.ஆரின் வேலை. மெத்தைச் சுகம் அதன் நோக்கமே அல்ல. எண்ணற்ற மூடிய சின்னக் குமிழிகளால் ஆன ரப்பர் என்பதால் அமுங்கும், மீளும், தண்ணீரை உறிஞ்சாது.

செய்திருக்கும் விதத்தைப் பார்க்கலாம். மேல் ரப்பர் 10 முதல் 12 மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டும். அதற்குக் கீழே கட்டாயம் ஒரு கெட்டியான சோல். பழைய பட்டறைகளில் டயரையே வெட்டி ஒட்டுவார்கள். சோல் இல்லாமல் எம்.சி.ஆரை மட்டும் இரண்டடுக்காக ஒட்டி விற்பதைத் தொடவே தொடாதீர்கள். சீமைக்கருவேல முள் அதைத் துளைத்துக்கொண்டு நேராகப் பாதத்தில் ஏறும், ஏறியதும் தெரியாது. ஆணி எங்கும் இருக்கக் கூடாது. ஒட்டும் தையலும் மட்டும்தான். சோல் தேயத் தேய ஆணி மேலே எழும்பி, நாள் முழுக்கக் குத்தினாலும் கால் மரத்தவருக்குத் தெரியாது. தெருமுனையில் பழுதுபார்க்கக் கொடுக்கும்போதும் "ஆணி அடிக்காதீங்க, ஒட்டித் தைங்க" என்று சொல்லியே கொடுங்கள். நல்ல செருப்பு கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பின்பட்டை இல்லாத மாடலை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். பட்டை இல்லாவிட்டால் செருப்பைப் பிடித்து வைக்க விரல்கள் மடங்கி மடங்கி இறுக்கும்; மரத்த காலிலிருந்து அது நழுவிப் போனாலும் தெரியாமல் நடந்துவிடுவார்கள். பெருவிரலுக்குப் பக்கத்தில் குமிழ் வைத்த வகையும் வேண்டாம், விரலிடுக்கில் உராய்ந்து புண் வரும். வார் அகலமாக, உள்பக்கம் தையல் முடிச்சு தட்டுப்படாமல் இருக்கட்டும். பக்கிளைவிட வெல்க்ரோ நல்லது, விரல் மடங்கியவர்களும் தானே மாட்டிக்கொள்ளலாம். ஆனால் மண்ணும் நூலும் அடைத்துக்கொண்டால் அது பிடிக்காது; பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் வாரம் ஒருமுறை தேய்த்துவிடுங்கள்.

அளவை மாலையில் எடுங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும். காகிதத்தின் மேல் எழுந்து நின்று, இரண்டு பாதத்தையும் வரைந்து வெட்டி, அந்தக் காகிதத்தைச் செருப்பின் மேல் வைத்துப் பாருங்கள். ஓரத்தில் காகிதம் வெளியே நீட்டினால் அது சின்னது. நீளமான விரலுக்கு முன்னால் அரை அங்குலம் இடம் வேண்டும். "போட்டுப் பார்த்தேன், சரியா இருக்கு" என்பது உணர்ச்சி இல்லாத காலுக்குச் செல்லாது. இறுக்கமாக இருந்தால்தான் அவர்களுக்கு ஏதோ மாட்டியிருப்பதுபோலவே தோன்றும், அதனால் எப்போதும் ஒரு சைஸ் குறைத்தே வாங்குவார்கள்.

புதுச்செருப்பை முதல் நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் போடாதீர்கள். கழற்றியதும் வெளிச்சத்தில் பாதத்தைப் பாருங்கள். சிவப்புத் தெரிந்தால் இருபது நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், மறையாவிட்டால் அந்த இடத்தில் செருப்பு அழுத்துகிறது. புறங்கையை வைத்துத் தடவினால் ஒரு இடம் மட்டும் சூடாக இருப்பதும் அதே எச்சரிக்கைதான், புண்ணுக்கு முன்னாலேயே வந்துவிடும். குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு தடவை மாட்டும் முன்பும் செருப்பைக் கவிழ்த்துத் தட்டுங்கள். கல், முள், உடைந்த ஊக்கு எதுவும் இருக்கும்.

கடினமான சங்கதி ஆயுள்தான். தினமும் நடப்பவருக்கு ஆறு மாதத்தில் குதிகாலுக்கும் பெருவிரல் அடிமேட்டுக்கும் கீழே ரப்பர் படிந்து மீளாமல் போய்விடும். வெளியே பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும், அதனால் ஏமாந்துவிடுவோம். அந்த இடத்தையும் நடுப்பாதத்தையும் விரலால் அழுத்தி ஒப்பிட்டுப் பாருங்கள். பாதி கனம் போயிருந்தால் மாற்றுங்கள். தேசிய தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தில், தொழுநோயால் கால் மரத்தவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு ஜோடி இலவசமாகத் தருவது இதனால்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். காசு கொடுத்து வாங்குபவர்களும் முடிந்தால் இரண்டாக வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரு நாள் ஓய்வு கிடைத்தால் ரப்பர் நன்றாக மீளும். சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காயவையுங்கள். வெயிலில் போட்டால் ரப்பர் இறுகிப்போகும்.

இரண்டாவது ஜோடிக்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் வீடுகளில் செருப்பு வாசலோடு நின்றுவிடுகிறது. சமையலறைக்கும் கொல்லைக்குமாக நாளெல்லாம் நடப்பதோ சிமெண்டுத் தரையில், வெறுங்காலில். வீட்டுக்கென்று ஒரு ஜோடி ஒதுக்காதவரை வெளிச்செருப்பு பாதிப் பயன்தான் தரும். கோயிலில் வேறு வழியில்லை. சித்திரை வெயிலில் பிரகாரக் கல் பாதத்தைக் கொப்பளிக்க வைத்துவிடும். விடியலில் போய்விட்டு வாருங்கள், தடித்த சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

புண் இப்போதே இருந்தால் இந்தச் செருப்பு போதாது. முதலில் மாவுக்கட்டோ முழு ஓய்வோதான் தேவை. பாதம் உருக்குலைந்தவர்களுக்கும் விரல் எடுத்தவர்களுக்கும் கடையில் தொங்குகிற மாடல் உதவாது, அச்செடுத்துச் செய்ய வேண்டும். கரிகிரி மருத்துவமனைப் பட்டறையில் இப்படிக் காலைப் பார்த்துச் செய்து கொடுப்பார்கள். சில இடங்களில் புண் வந்த இடத்துக்கு நேர் கீழேயே ஒரு திண்டு வைத்து ஒட்டிவிடுகிறார்கள். அது அழுத்தத்தைக் கூட்டவே செய்யும். திண்டு புண் வந்த அந்த மேட்டுக்குச் சற்றுப் பின்னால் உட்கார வேண்டும், அப்போதுதான் மேடு தூக்கி நிறுத்தப்படும்.

பட்டறைக்குப் போகும்போது பழைய ஜோடியைக் கழுவாமல் கையோடு எடுத்துப் போங்கள். எந்த இடம் பள்ளமாகியிருக்கிறது, எந்த ஓரம் சாய்ந்து தேய்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் அடுத்த ஜோடியை வெட்டுவார்கள்.