நீலப் பாட்டிலா, சில்லறை ஆசிட்டா, பிளீச்சிங் பவுடரா? சென்னையின் உப்புக்கறைக்கு எது பொருந்தும்

சென்னையில் வாடகைக்கு வீடு பார்க்கச் செல்பவர்களில் அனுபவசாலிகள் சமையலறையை விட்டுவிட்டு முதலில் கழிப்பறைக் கோப்பையைத்தான் குனிந்து பார்க்கிறார்கள். ஃபிளஷ் தண்ணீர் இறங்கும் தடமெல்லாம் மஞ்சளும் பழுப்புமாகக் கோடு விழுந்திருந்தால், அந்த வீட்டுக்கு மெட்ரோ வாட்டர் வருவதில்லை, போர் தண்ணீர்தான் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

அந்தக் கோட்டை அழுக்கு என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது. அது கல். நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும், தண்ணீர் காயக் காயக் கார்பனேட்டாகப் பீங்கானின் மீது படிந்து இறுகுகின்றன. தண்ணீரில் இரும்பும் இருந்தால் அந்தப் படிவு பழுப்பேறிவிடுகிறது. குடிநீருக்கான இந்தியத் தர அளவுகோலான ஐ.எஸ். 10500, கடினத்தன்மை, அதாவது இந்த உப்புகளின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பதை ஏற்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. 600 என்றால், 15 லிட்டர் கொள்ளும் ஒரு குடத்தில் 9 கிராம் சுண்ணாம்புக் கல் கரைந்திருப்பதற்குச் சமம். இதைத் தேய்த்து எடுக்க முயன்றால் பீங்கானின் மெருகுதான் போகும். கரைத்துத்தான் எடுக்க வேண்டும். கரைக்க அமிலம் வேண்டும்.

தமிழ்நாட்டில், நீலப் பாட்டிலில் வரும் ஹார்பிக் என்றவுடன் நடிகர் அப்பாஸின் முகம் நினைவுக்கு வருவதற்குத் தொலைக்காட்சி விளம்பரமே காரணம். கழிப்பறை என்ற சொல்லையே விருந்தினர் முன் தவிர்த்த குடும்பங்களின் நடுக்கூடத்துக்கு, ஒரு திரை நட்சத்திரத்தின் வாயிலாக அந்தப் பேச்சைக் கொண்டுவந்தது அந்த விளம்பரம். அதை நான் பெரிய காரியமாகவே மதிக்கிறேன். கிருமி ஒழிவதையும் கோப்பை பளபளப்பதையும் விளம்பரம் முன்னிறுத்தினாலும், சென்னைவாசி உண்மையில் காசு கொடுத்து வாங்குவது அந்த நீல நிறத் திரவத்தில் சுமார் 10 சதவீதம் இருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத்தான். அந்த அமிலம் உப்புப் படிவின் மீது பட்டவுடன் பொடிப்பொடியாக நுரை கிளம்புகிறதே, அது கல் கரையும்போது வெளியேறும் கரியமில வாயு. நுரை அடங்கியும் கறை மிஞ்சியிருந்தால் ஊற்றிய அமிலம் தீர்ந்துவிட்டது என்று பொருள். அப்போது இன்னும் அழுத்தித் தேய்ப்பதால் பயனில்லை, மறுபடி ஊற்ற வேண்டும்.

அமிலம்தான் வேலை செய்கிறது என்றால், மீன்பாடி வண்டியில் பினாயிலோடு சேர்த்து விற்ற சில்லறை ஆசிட்டே போதாதா என்ற கேள்வி நியாயமானது. இரண்டும் ஒரே அமிலம். ஆனால் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் அடர் அமிலம் 30 சதவீதத்துக்கும் மேல் இருக்கும். அதில் எவ்வளவு தண்ணீர் கலந்து நம் கைக்கு வருகிறது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. அதைவிட முக்கியம், சில்லறை ஆசிட் தண்ணீர் போல நீர்த்தது என்பது. கோப்பையின் விளிம்புக்கு அடியில் ஊற்றினால் கறையில் ஒரு நொடிகூட நிற்காமல் கீழே ஓடிவிடுகிறது. நீலப் பாட்டிலின் திரவம் தேன் பதத்தில் சுவரைப் பற்றிக்கொண்டு மெதுவாக இறங்குகிறது. அதன் வளைந்த கழுத்து, கை எட்டாத உள்விளிம்புக்கே அதைக் கொண்டு சேர்க்கிறது. என் மதிப்பீட்டில் அந்தப் பொருளின் உண்மையான மேன்மை அமிலத்தின் வீரியத்தில் இல்லை. இந்தக் கெட்டித்தன்மையிலும் கழுத்திலும்தான் இருக்கிறது.

மடிப்பாக்கத்தில் நாங்கள் முன்பு குடியிருந்த வீட்டில் சில்லறை ஆசிட்டைத்தான் வாங்கினோம். வேலைக்கு வந்துகொண்டிருந்த அம்மாள் அதை ஊற்றிய சற்று நேரத்தில், "கண்ணு எரியுதும்மா, கொஞ்சம் வெளிய நின்னுட்டு வரேன்" என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்துவிட்டார். காற்று புக வழியில்லாத அந்தச் சின்ன அறைக்குள் அவரை அனுப்பியது நான்தான் என்ற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு. வாசலில் சிந்திய சில துளிகள் மொசைக் தரையில் மெருகிழந்த வெள்ளைத் திட்டுகளாக நிலைத்துவிட்டன. மொசைக்கில் இருக்கும் பளிங்குச் சில்லும் சிமென்டும் அமிலத்தில் கரைபவை என்பதால் அந்தத் திட்டுகளை எதைக் கொண்டும் துடைக்க முடியவில்லை. குழாயின் குரோம் பூச்சும் அமில ஆவியால் சில வாரங்களில் புள்ளி புள்ளியாகக் கறுத்துப்போனது. அமில வீச்சு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் சில்லறை அமில விற்பனைக்குக் கடும் கட்டுப்பாடுகளை விதித்தது. வாங்குபவரின் அடையாளமும் முகவரியும் காரணமும் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும், 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. இந்தக் கட்டுப்பாடு ஒன்றுக்காகவே சில்லறை ஆசிட்டை வீட்டுப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

பிளீச்சிங் பவுடரைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாசியையும் வழுக்கலையும் கிருமியையும் அது நன்றாகவே நீக்கும். இந்தியன் டாய்லெட்டின் தரைக்கு அதைவிட மலிவான பொருள் இல்லை. உப்புக்கறையை மட்டும் அது தொடாது, இரும்புக் கறையையோ இன்னும் ஆழமாக்கிவிடும். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில், நன்றாகத் தண்ணீர் விட்டு அலசாமல் நீலப் பாட்டிலையோ வேறெந்த அமிலத்தையோ ஊற்றவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கிவிடும்.

நான்காவதாக நான் சேர்ப்பது, விளம்பரமே இல்லாமல் மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட். வேகம் குறைவு, இரவே கோப்பைத் தண்ணீரை வெளியே தள்ளிவிட்டு, வெந்நீரில் கரைத்த எலுமிச்சை உப்பில் நனைத்த காகிதத்தைக் கறையின் மீது ஒட்டி வைத்து, காலையில் தேய்க்க வேண்டும். பல வருடக் கல் ஒரே இரவில் போகாது. ஆனால் ஆவி எழாது, கண் எரியாது, இரும்புக் கறையையும் இளக்கும். மொசைக்கையும் பளிங்கையும் இதுவும் அரிக்கும் என்பதால் அங்கே மட்டும் ஆகாது. பாதாள சாக்கடை இணைப்பு இல்லாமல் செப்டிக் டேங்க் வைத்திருக்கும் புறநகர் வீடுகளில், கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் பிழைத்திருக்க வேண்டும் என்பதால் எந்த அமிலத்தையும் அளவோடுதான் ஊற்ற வேண்டும். அங்கே வாரந்தோறும் எலுமிச்சை உப்பும், மாதம் ஒருமுறை நீலப் பாட்டிலும் என்பது என் ஏற்பாடு.

ஃபிளஷ் டேங்கின் உள்ளே உப்பு பிடித்துத் தண்ணீர் நிற்காமல் ஒழுகும்போது மட்டும் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை. வால்வைக் கழற்றி ஒரு பக்கெட் எலுமிச்சை உப்புத் தண்ணீரில் ஊறப் போடுகிறேன். ரப்பர் வாஷர் கெடாமல், வெள்ளைச் செதில்கள் தாமாகவே உதிர்ந்து அடியில் படிந்துவிடுகின்றன.