ஸரிகமவா, ஐந்து கோடா: எதில் தொடங்கலாம்?

இசையைத் தாளில் பார்த்துப் படிக்கக் கற்றுக்கொள்ளலாம் என்று உட்கார்ந்ததும் மூன்று வழிகள் முன்னால் வந்து நிற்கும்: கர்நாடக இசையின் ஸ்வரக் குறிப்பு, ஐந்து கோடுகளில் எழுதும் ஸ்டாஃப் நோட்டேஷன், கிட்டார் பழகுகிறவர்களிடம் புழங்கும் டேப். மூன்றும் ஒரே வேலையைச் செய்வதுபோலத் தெரியும். ஆனால் இந்த ஒலி ஷட்ஜத்திலிருந்து, அதாவது அடிப்படை ஸ்வரமான 'ஸ'-விலிருந்து, எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை ஸ்வரம் சொல்கிறது. ஒலி எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைக் கோடு சொல்கிறது. விரலை எங்கே வைக்க வேண்டும் என்பதை டேப் சொல்கிறது.

டேப்பை முதலில் முடித்துவிடலாம். ஆறு கோடுகள் ஆறு தந்திகள். கோட்டின் மேல் இருக்கும் எண், அழுத்த வேண்டிய கட்டத்தைக் காட்டும். முதல் நாளே வாசித்துவிடலாம், அந்த மகிழ்ச்சி பெரியதுதான். ஆனால் ஒலி எவ்வளவு நேரம் நீள வேண்டும் என்பது பல டேப்களில் இருக்காது. பாட்டை ஏற்கெனவே கேட்டிருந்தால்தான் வாசிக்க முடியும். கிட்டாரைக் கீழே வைத்துவிட்டால் அந்த எண்களைப் பாடவும் முடியாது.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான்.

சங்கராபரண ராகத்தின் ஆரோகணத்தை, அதாவது ஏறுவரிசையை, எடுத்துக்கொள்வோம்: ஸ ரி க ம ப த நி ஸ. ஒரு கட்டை சுருதியில், அதாவது கீபோர்டின் சி-யில் தொடங்கினால் வெள்ளைக் கட்டைகளை வரிசையாகத் தொட்டுக்கொண்டே போகலாம். இரண்டு கட்டைக்கு, அதாவது டி-க்கு மாற்றினால் எஃப் ஷார்ப், சி ஷார்ப் என்று இரண்டு கறுப்புக் கட்டைகள் உள்ளே வந்துவிடும். ஐந்து கோட்டில் எழுதுகிறவர் வரியின் தொடக்கத்தில் இரண்டு ஷார்ப் (ஒலியை அரைப்படி உயர்த்தும் குறி) போட்டு, எல்லாப் புள்ளிகளையும் ஒரு படி மேலே நகர்த்த வேண்டும். ஸ்வரத்தில் எழுதியவர் எதையும் தொட வேண்டியதில்லை. தன் தொண்டைக்கு எந்தச் சுருதி ஒத்துவருகிறதோ அதில் அதே தாளைப் பார்த்துப் பாடலாம். தொடங்குகிறவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். காந்தாரம் ('க') என்றால் ஷட்ஜத்தோடு அதற்குள்ள உறவு என்று காது பிடித்துக்கொள்கிறது. அந்த உறவு பிடிபட்டவருக்கு ஸ்கேல் (ஸ்வர வரிசை), கார்ட் (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) எல்லாம் பாதி புரிந்த மாதிரிதான்.

மேற்கிலும் இந்தத் தேவை இருந்தது. 11-ஆம் நூற்றாண்டில் கோடுகளில் எழுதும் முறையைச் சீர்படுத்திய கீதோ என்ற இத்தாலியத் துறவிதான், பாடகர்களுக்காக உத், ரே, மி என்ற அசைகளையும் கொடுத்தார். கோட்டைக் கொடுத்தவரே கோடு மட்டும் போதாது என்று நினைத்தார்.

சரி, கோட்டின் பலம் எங்கே? மெட்டின் வடிவம் கண்ணில் தெரிவதில். மெட்டு ஏறினால் புள்ளிகள் ஏறும், இறங்கினால் இறங்கும். ஸ்வரத்தில் 'ஸ ரி க ம' என்றாலும் 'ம க ரி ஸ' என்றாலும் எழுத்துகள் ஒரே மட்டத்தில்தான் இருக்கும். மேல் ஸ்தாயி, கீழ் ஸ்தாயி (ஸ முதல் அடுத்த ஸ வரையிலான எல்லை ஒரு ஸ்தாயி) என்று காட்ட ஒரு சின்னப் புள்ளிதான் உண்டு. அச்சில் அது விழுந்துவிட்டால் ஒரு ஸ்தாயியே மாறிப்போகும். அப்புறம், பல ஒலிகள் ஒன்றாக எழும் இசைக்குக் கோட்டை விட்டால் வழியில்லை. சி, ஈ, ஜி மூன்றையும் ஒரே காம்பில் அடுக்கி எழுதினால், பார்த்ததுமே அது கார்ட் என்று தெரிந்துவிடும். 'ஸ க ப' என்று எழுதினால் ஒன்றன்பின் ஒன்றாகப் பாடத்தான் தோன்றும்.

தாளக் கணக்கில் இரண்டும் ஏறக்குறைய சமம். 'ஸ ; ரி' என்று எழுதினால் அரைப்புள்ளி இரண்டு எண்ணிக்கை, ஆக ஸ மூன்று, ரி ஒன்று. கோட்டில் இதுவே புள்ளி வைத்த ஹாஃப் நோட்டும் ஒரு க்வார்ட்டர் நோட்டும். ஸ்வரத் தாளில் ஆதி தாளம் நான்கு, இரண்டு, இரண்டு என்று பிரிந்தே தெரிவது எனக்குக் கூடுதலாகப் பிடிக்கும்.

இரண்டுமே தடுமாறும் இடம் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்தும் வளைத்தும் பாடுவது. தோடி ராகத்தின் காந்தாரம் தாளில் 'க' என்ற ஒற்றை எழுத்து. பாடும்போது அது ரிஷபத்துக்கும் ('ரி') மத்யமத்துக்கும் ('ம') நடுவே ஊசலாடும். சுப்பராம தீட்சிதர் 1904-இல் வந்த தன் பெருநூலில் கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகள் கொடுத்தார். ஆனாலும் கேட்டுப் பழகாதவருக்கு எந்தக் குறியும் தோடியைத் தராது.

பியானோ பழகுகிறவரும், குழுவில் வயலின் வாசிக்கப் போகிறவரும் முதல் வாரத்திலேயே கோட்டுக்குப் போகட்டும். அங்கே எல்லார் கையிலும் இருப்பது அந்தத் தாள்தான். மற்ற எல்லாருக்கும் என் பரிந்துரை: முதலில் ஸ்வரம், சில மாதம் கழித்துக் கோடு. கோட்டை அடியோடு விட்டுவிடாதீர்கள்.

இரண்டுக்கும் பாலம் போட ஒரு நல்ல பயிற்சி உண்டு. மாயாமாளவகௌளை ராகத்தில் முதல் சரளி வரிசையை (தொடக்கநிலை ஸ்வரப் பயிற்சியை) மனப்பாடமாகப் பாடுங்கள். பிறகு அதையே ஐந்து கோட்டில் சி-யிலிருந்து எழுதிப் பாருங்கள்: டி-யும் ஏ-யும் ஃபிளாட் (அரைப்படி இறக்கம்) ஆகும். அடுத்து டி-யிலிருந்து எழுதுங்கள்: ஈ ஃபிளாட், எஃப் ஷார்ப், பி ஃபிளாட், சி ஷார்ப் என நான்கு குறிகள் வரும். இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துக்கொண்டு, ஸரிகம சொல்லியே இரண்டையும் பாடுங்கள்.