பர்மா பஜார் அத்தோ வண்டிகள்
சென்னைப் பாரிமுனையில் மாலை நேரப் பசிக்கு, பர்மா பஜாரை ஒட்டிய செகண்ட் லைன் பீச் சாலையில் நிற்கும் அத்தோ வண்டிகளையே முதலில் பரிந்துரைப்பேன். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த இந்த உணவில், நூடுல்ஸுடன் முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், மிளகாய்த்தூள், புளிக்கரைசல், பூண்டெண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்து, பேஜோ எனும் மொறுமொறுப்பான பொரித்த தட்டையை நொறுக்கிப் போட்டு, கையாலேயே பிசைந்து தருகிறார்கள். பேஜோ நமுத்துப்போவதற்குள் நின்றபடியே சாப்பிட்டுவிட வேண்டும் என்பதால், பார்சல் வாங்குவது வீண். காரம் குறைவாக வேண்டுவோர் பிசையத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. மொய்ங்கா எனும் நூடுல்ஸ் சூப் எனக்குச் சற்று நீர்த்ததாகவே பட்டது. ஆனால், அவித்த முட்டையைக் கீறி, பொரித்த வெங்காயத்தைத் திணித்து, புளிக்கரைசல் ஊற்றித் தரும் முட்டை மசாலாவை (ஒன்றோடு நிறுத்துவது கடினம்) தவறவிடக் கூடாது. குடிப்பதற்கு, சூடான வாழைத்தண்டு சூப்பே போதுமானது.