ஒரே டயர்தான், ஒரு செட் 28,000 கி.மீ., இன்னொரு செட் 57,000 கி.மீ.

என்னிடம் இருப்பது சாதாரண ஹாட்ச்பேக் கார். இன்ஜின் இழுப்பது முன்சக்கரங்களை. டயர் அளவு 185/65 ஆர்15. வாங்கி எட்டு வருடம் ஆகிறது, 94,000 கி.மீ. ஓடிவிட்டது, இப்போது மூன்றாவது செட் டயரில் இருக்கிறேன். முதல் செட் 28,000 கி.மீ.யில் கைவிட்டது. இரண்டாவது செட் 57,000 ஓடியது. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். ஓட்டியதும் பெரும்பாலும் நான்தான், போய்வந்த ரோடும் அதே ரோடுதான். அதனால் இப்போதெல்லாம் யாராவது என்னிடம் "எந்த டயர் போட்டா நிறைய ஓடும்?" என்று கேட்டால், வண்டிக்கு அலைன்மென்ட் (சக்கரங்கள் சரியான கோணத்தில் நிற்கின்றனவா என்கிற சோதனை) பார்த்து எத்தனை நாளாச்சு என்று திருப்பிக் கேட்கிறேன்.

முதல் செட் போன கதை ஒரு பள்ளத்தில் ஆரம்பித்தது. வண்டி 18,000 கி.மீ. ஓடியிருந்த சமயம். நல்ல மழை, ரோடு முழுக்கத் தண்ணீர், பள்ளம் இருப்பது தெரியவில்லை. இடது முன்சக்கரம் 'தொம்'மென்று இறங்கி ஏறியது. ஓரங்கட்டிப் பார்த்தேன். டயர் வெடிக்கவில்லை, ரிம் நெளியவில்லை, தப்பித்தோம் என்று கிளம்பிவிட்டேன். மறுநாள்தான் கவனித்தேன், வண்டி நேராகப் போகும்போது ஸ்டியரிங் ஒரு விரல் அகலத்துக்கு வலப்பக்கம் திரும்பி நின்றது. வண்டி எந்தப் பக்கமும் இழுக்கவில்லை, நடுக்கமும் இல்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். பத்து நாளில் அந்தச் சாய்வு கண்ணுக்குப் பழகியும் போனது.

அதன்பின் 10,000 கி.மீ. ஓட்டினேன். வெளியிலிருந்து பார்த்தால் டயர் நன்றாகத்தான் இருந்தது, பட்டன், அதாவது ரோட்டில் படும் ரப்பர்க் கட்டைகளின் வெட்டு, ஆழமாகத் தெரிந்தது. ஒருநாள் பஞ்சர் ஒட்டுவதற்காகச் சக்கரத்தைக் கழற்றிய மெக்கானிக், டயரைத் தரையில் உருட்டிக்கொண்டே வந்து என் முன்னால் நிறுத்தினார். "சார், கையை வச்சுப் பாருங்க, பாத்து வைங்க, கீறிடும்." உள்விளிம்பில், நாம் நிமிர்ந்து நிற்கும்போது கண்ணுக்கே படாத அந்த இரண்டு விரல் அகலத்தில், ரப்பர் சுத்தமாக இல்லை. உள்ளே இருக்கும் எஃகுக் கம்பி இழை வெளியே தெரிந்து, முனைகள் துருப்பிடிக்க ஆரம்பித்திருந்தன. அதே டயரின் வெளிவிளிம்பில் 5 மி.மீ. மிச்சம் இருந்தது. வலது சக்கரத்தைக் கழற்றினால் அதிலும் அதே கதைதான், கம்பி தெரிகிற அளவுக்கு வரவில்லை, அவ்வளவே. பஞ்சர் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று வந்தவன், நெடுஞ்சாலையில் முந்தின வாரம் எந்த வேகத்தில் போனேன் என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

அவர் இன்னொன்றும் காட்டினார், அது எனக்கு இன்றுவரை உபயோகமாக இருக்கிறது. உள்ளங்கையை டயரின் மேல் வைத்து உள்ளிருந்து வெளியே ஒருமுறை, வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை தடவச் சொன்னார். ஒரு திசையில் வழவழவென்று போன கை, எதிர்த்திசையில் ரம்பப் பல்லில் பட்டதுபோல் சுரண்டியது. பட்டன் ஒவ்வொன்றின் ஒரு ஓரம் மழுங்கியும் மறு ஓரம் கூராகவும் தேய்ந்திருப்பதால் வருவது அது. சக்கரம் நேராக உருளாமல் கொஞ்சம் குறுக்காக இழுபட்டுக்கொண்டே போகிறது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் கிடையாது. மெஷினே தேவையில்லை.

குறுக்காக இழுபடுவது என்றால் எவ்வளவு? அலைன்மென்ட் மெஷினில் ஏற்றிப் பார்த்தபோது முன்சக்கரம் ஒவ்வொன்றும் கால் டிகிரிக்குச் சற்று அதிகமாக வெளிப்பக்கம் விரிந்திருந்தது. டோ என்று சொல்கிற கோணம். பள்ளத்தில் விழுந்த வேகத்தில் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் என்ற கம்பி இடப்பக்கத்தில் லேசாக வளைந்ததுதான் காரணம். கால் டிகிரி ஒரு விஷயமா என்றுதான் நானும் நினைத்தேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். கால் டிகிரி சாய்வில், வண்டி 1 கி.மீ. முன்னால் போவதற்குள் சக்கரம் 4 மீட்டருக்கும் கொஞ்சம் அதிகமாகப் பக்கவாட்டில் போகப் பார்க்கிறது. வண்டி அதை விடாமல் நேராக இழுத்துக்கொண்டு போகிறது. 10,000 கி.மீ.க்கு 40 கி.மீ.க்கு மேல். அத்தனை தூரம் ரப்பரைத் தார் ரோட்டில் வைத்துக் குறுக்கே தேய்த்தால் என்ன மிஞ்சும்? சக்கரம் வெளிப்பக்கம் விரிந்தால் உள்விளிம்பு போகும், உள்பக்கம் குவிந்தால் வெளிவிளிம்பு போகும்.

அப்போது ஆத்திரத்தில் நான்கு டயரையும் மாற்றினேன். பின்டயர் இரண்டிலும் 5 மி.மீ.க்கு மேல் இருந்தது. அது முட்டாள்தனம் என்று இப்போது தெரிகிறது. புதிதாக இரண்டு மட்டும் வாங்கி, அவற்றைப் பின்னால் போட்டு, பின்னால் இருந்ததை முன்னுக்குக் கொண்டுவந்திருக்கலாம். புது டயரை முன்னால்தானே போடவேண்டும் என்று பலருக்கும் தோன்றும். ஈர ரோட்டில் முன்சக்கரம் வழுக்கினால் வண்டி திரும்பாமல் நேராகப் போகும். ஆக்சிலேட்டரை விட்டால் பெரும்பாலும் பிடிமானம் திரும்ப வந்துவிடும். பின்சக்கரம் வழுக்கினால் வண்டியின் வால் சுற்றிவிடும், அதை அடக்குவதற்குச் சாதாரணமாக ஓட்டுகிற நமக்குப் பழக்கம் கிடையாது. அதனால்தான் நல்ல டயர் பின்னால்.

முன் டயர் மட்டும் ஏன் சீக்கிரம் போகிறது என்றால், எல்லா வேலையும் அதன் தலையில். இன்ஜின் பாரம் அங்கே, இழுப்பது அது, திரும்புவது அது, பிரேக் போட்டால் வண்டியின் எடை சாய்வதும் அதன்மேல். பின் டயர் கூடவே உருண்டு வருகிறது, அவ்வளவுதான். முதல் செட்டில் நான் டயரை இடம் மாற்றவே இல்லை. இரண்டாவது செட்டில் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றினேன்: முன்னால் இருப்பவை அதே பக்கத்தில் நேராகப் பின்னுக்கு, பின்னால் இருப்பவை குறுக்காக மாறி முன்னுக்கு. பக்கச் சுவரில் அம்புக்குறி போட்ட டயராக இருந்தால் பக்கம் மாற்றக்கூடாது, முன்பின் மட்டும்தான்.

காற்று விஷயத்திலும் முதல் செட்டில் நான் ஒழுங்கில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் வழியில் எங்காவது நிறுத்தும்போது, டயர் சூடாக இருக்கையிலேயே பார்ப்பேன். கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் காற்றழுத்தம் 33 பி.எஸ்.ஐ. என்று போட்டிருக்கிறது. அது ஆறிய டயருக்கான அளவு, வண்டி குறைந்தது மூன்று மணிநேரம் நின்றபின் பார்க்கவேண்டியது. ஓடி வந்த டயரில் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். "அதிகமா இருக்கே" என்று அதை இறக்கி 33-க்குக் கொண்டுவந்தால், காலையில் ஆறியபின் 29, 30-தான் இருக்கும். இதை நான் எத்தனை தடவை காசு கொடுக்காத சேவையாகச் செய்துகொண்டேனோ தெரியாது. அதற்கு மேல், ஓட்டையே இல்லாத டயரிலும் மாதத்துக்கு ஒரு பி.எஸ்.ஐ. அளவு தானாகக் குறையும். காற்றுக் குறைந்த டயர் இரண்டு ஓரங்களையும் ரோட்டில் தேய்க்கும், பக்கச் சுவர் அதிகமாக மடங்கிச் சூடேறும். அளவுக்கு மேல் அடித்தால் நடுப்பகுதி தேயும். டயரின் மேலேயே ஒரு எண் அச்சிட்டிருப்பார்கள், அதைப் பார்த்து அடிப்பவர்களும் உண்டு. அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, நம் வண்டிக்கான அளவு கிடையாது.

இரண்டாவது செட் போட்ட வாரமே உள்ளங்கை அளவில் ஒரு காற்று அளக்கும் மீட்டரும், பட்டன் ஆழம் பார்க்கும் சின்னக் குச்சி மாதிரி ஒரு கேஜும் வாங்கினேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டியை எடுக்கும் முன், ஐந்து நிமிட வேலை. நைட்ரஜன் அடிக்கச் சொல்லி நிறையப் பேர் சொன்னார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தானே என்று விட்டுவிட்டேன்.

ஆழத்தை அளந்து நோட்டில் எழுத ஆரம்பித்தபின் ஒரு வேடிக்கை தெரிந்தது. புதுசில் 8 மி.மீ. என் கையில் ஓடினால் 1 மி.மீ. குறைய ஏறக்குறைய 10,000 கி.மீ. ஆகிறது. நடுவில் ஆறு மாதம் வண்டி தம்பியிடம் இருந்தது. அவன் 6,000 கி.மீ.தான் ஓட்டினான், திரும்பி வந்தபோது முன்சக்கரங்களில் 1 மி.மீ. காணோம். அவனைக் கேட்டால் "நான் மெதுவாத்தான்ணே ஓட்டினேன்" என்பான். சிக்னல் வரைக்கும் மிதித்துவிட்டுக் கடைசி நொடியில் பிரேக்கில் ஏறி நிற்பது, வளைவில் வேகத்தைக் குறைக்காமல் திரும்புவது, நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை முழுக்கச் சுற்றுவது எல்லாம் அவன் கணக்கில் மெதுவாக ஓட்டுவதில் சேரும். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் டயர் சீக்கிரம் போகிறது என்று சொல்வதும் இதோடு சேர்ந்ததுதான். பேட்டரி எடை ஒரு பக்கம், மிதித்தவுடன் கிடைக்கும் முழு இழுவிசை இன்னொரு பக்கம்.

45,000 கி.மீ. வாக்கில் பின்பக்கத்திலிருந்து 'உம்ம்ம்' என்று ஒரு சத்தம். வேகம் கூடக் கூடச் சத்தமும் ஏறியது. வீல் பேரிங் போய்விட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். அந்தச் சமயம் டயர் இடம் மாற்றும் தவணையும் வந்தது, மாற்றினேன், சத்தம் முன்னுக்கு வந்துவிட்டது! பேரிங் இடம் மாறாது, டயர்தான் மாறும். கையை வைத்துச் சுற்றிலும் தடவினால் மேடும் பள்ளமுமாக, சின்னச் சின்னக் கிண்ணம் குடைந்ததுபோல் இருந்தது. பின் ஷாக் அப்சார்பர் இரண்டும் எண்ணெய் கசிந்து செத்திருந்தன. சக்கரம் ரோட்டில் பதிந்து உருளாமல் துள்ளித் துள்ளிப் போயிருக்கிறது. ஷாக் மாற்றியபின் தேய்மானம் மேலும் மோசமாகவில்லை, ஆனால் குடைந்தது குடைந்ததுதான். கடைசிவரை அந்தச் சத்தத்தோடுதான் ஓட்டினேன், பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு.

இரண்டாவது செட்டைக் கழற்றும்போது 2.5 மி.மீ. மிச்சம் இருந்தது. பல நாடுகளில் சட்டப்படியான குறைந்தபட்சம் 1.6 மி.மீ. பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் குறுக்காக ஒரு சின்ன மேடு இருக்கும், தேய்ந்து தேய்ந்து டயர் அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் அந்த 1.6 வந்துவிட்டது என்று அர்த்தம். நான் அதுவரை காத்திருப்பதில்லை. பள்ளம் ஆழம் குறையக் குறைய டயருக்கு அடியிலிருந்து தண்ணீரை வெளியே தள்ளும் சக்தி குறைகிறது, மழையில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்கும் தூரம் கூடுகிறது. 3 மி.மீ.க்குக் கீழே போனபின் மழைக்காலம் வந்தால் மாற்றிவிடுவேன். கொஞ்சம் கூடுதல் செலவுதான், ஒப்புக்கொள்கிறேன்.

தேயாமலே சாகிற டயரும் உண்டு. என் ஸ்டெப்னி அப்படித்தான் போனது. ஏழு வருடத்தில் இரண்டே தடவை தரையைத் தொட்டிருக்கும், பட்டன் புத்தம் புதுசு. டிக்கியிலிருந்து வெளியே எடுத்துப் பக்கச் சுவரை அழுத்தினால், வறண்ட ஏரி மண் மாதிரி மெல்லிய வெடிப்புகள் வாய் திறந்தன. ரப்பரைக் காற்றில் இருக்கும் ஓசோனிலிருந்து காக்க மெழுகு போன்ற ஒரு சரக்கைக் கலக்கிறார்கள். டயர் ஓடி மடங்கி நிமிரும்போது அது மேல்பரப்புக்கு வந்துகொண்டே இருக்கும். ஓடாமல் கிடக்கும் டயருக்கு அந்தப் பாதுகாப்பு சரியாகக் கிடைப்பதில்லை. பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. கார் கம்பெனிகளில் சில ஆறு வருடத்தில் மாற்றச் சொல்கின்றன, டயர் கம்பெனிகள் பலவும் பத்து வருடத்தைக் கடைசி எல்லையாக வைக்கின்றன. மூன்றாவது செட் வாங்கப் போனபோது எனக்கு முதலில் காட்டிய டயர் தயாராகி இரண்டரை வருடம் ஆகியிருந்தது. "எல்லாம் புதுசுதான் சார்" என்றார் விற்றவர். வேறு எடுத்து வரச் சொன்னேன், வந்தது.

டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்று காட்ட, டிரெட்வேர் என்று ஒரு எண்ணும் பக்கச் சுவரில் இருக்கும். என்னுடையதில் 420. ஒப்பீட்டு டயர் ஒன்றை 100 என்று வைத்து, அதோடு ஒப்பிட்டுக் கொடுக்கும் எண் அது. சோதித்து எண் போடுவது அந்தந்தக் கம்பெனியே என்பதால், ஒரு கம்பெனியின் இரண்டு மாடலுக்குள் பார்க்க உதவும், இன்னொரு கம்பெனியோடு மல்லுக்கட்ட உதவாது. எண் பெரிதாக இருக்கிறதே என்று மட்டும் பார்த்து வாங்கவும் மாட்டேன். நிறைய ஓடுகிற கெட்டி ரப்பர் ஈரத்தில் கொஞ்சம் வழுக்கலாகவும் இருக்கக்கூடும்.

மூன்றாவது செட்டும் அதே மாடல்தான். இப்போது 9,000 கி.மீ. ஆகிறது. போன ஞாயிறு அளந்தபோது பின்னால் இரண்டும் 7.4, முன்னால் இடது 7.1. வலது முன்சக்கரத்தில் நடுவிலும் வெளியிலும் 7.1, உள்விளிம்பில் மட்டும் 6.7. மூன்று தடவை கேஜை வைத்துப் பார்த்தேன், அதேதான். ஸ்டியரிங் நேராகத்தான் நிற்கிறது. கையால் தடவினால், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு ஒரு சுரண்டல். சனிக்கிழமை காலையில் அலைன்மென்ட்டுக்கு வண்டியை விடச் சொல்லியிருக்கிறேன்.