நீர்மூழ்கி மோட்டாரும் பவர் டில்லரும்: டெல்டா கோடையில் எங்கள் அனுபவம்

காவிரி டெல்டாவில், மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் இடையில், ஒரு கிளை வாய்க்காலின் கடைசி மடையில் இருக்கிறது எங்கள் வயல். அப்பா, அம்மா, அண்ணன், நான் என்று வீட்டு ஆட்களே பெரும்பாலான வேலைகளைப் பார்த்துக்கொள்கிறோம். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது ஊரே போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டது. அடுத்த கோடையில் நாங்களும் 5 குதிரைத்திறன் நீர்மூழ்கி மோட்டார் ஒன்றை இறக்கினோம். அதற்கு முன்பே வாங்கிய டீசல் பவர் டில்லரும் (பின்னால் நடந்தே ஓட்டும் உழவு இயந்திரம்) வீட்டில் உண்டு. இத்தனை கோடைகள் ஓட்டிப் பார்த்த பிறகு எனக்கு உறுதியாகத் தோன்றுவதைச் சொல்கிறேன். மோட்டாரின் கம்பெனிப் பெயருக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியையாவது, மோட்டாரைக் கிளப்பி நிறுத்தும் ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கொடுங்கள். எங்கள் மோட்டார் இன்றும் ஓடுவதற்கு அந்தப் பெட்டிதான் காரணம்.

மேட்டூர் அணை வழக்கப்படி ஜனவரி 28இல் மூடப்பட்டு ஜூன் 12இல் திறக்கப்படும். இடைப்பட்ட மாதங்களில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும். சம்பா அறுவடைக்கு முன்பே நெல்லுக்குள் தெளித்த உளுந்து, மண்ணில் மிஞ்சிய ஈரத்தையும் பனியையும் நம்பியே விளைந்துவிடுகிறது. கோடைப் பருத்தியும் குறுவை நாற்றங்காலும் அப்படியல்ல, இரண்டுக்கும் போர்த் தண்ணீர் வேண்டும். அணை திறக்கும் தேதி தள்ளிப்போனால் அத்தனை பாரமும் மோட்டாரின் தலையில்தான் விழும். 2019இல் ஆகஸ்ட் 13ஆம் தேதிதான் திறந்தார்கள்; அந்த ஆண்டு மோட்டார் ஆடி முழுவதும் ஓடியது. 2022இல் மே 24இலேயே திறந்ததால் முன்னதாகவே ஓய்வு கிடைத்தது. ஒரே வகை மோட்டார் ஓர் ஊரில் பத்தாண்டு தாங்கியது, இன்னோர் ஊரில் இரண்டே ஆண்டில் போனது என்று கேள்விப்பட்டால், எந்தக் கோடைகளில் எவ்வளவு நேரம் ஓடியது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கோடையில் எங்கள் நாள் மோட்டாருக்கு வேண்டிய மும்முனை (த்ரீ பேஸ்) மின்சாரத்தை ஒட்டித்தான் தொடங்கும். விடியலில் மின்சாரம் வந்தால் அண்ணன் மோட்டாரைப் போட்டுவிட்டுப் பருத்திக்கு மடை மாற்றுவான். வெயில் ஏறும் முன்பே அம்மா வெடித்த பருத்தியை எடுத்து முடித்துவிடுவார். பத்து மணிக்கு மேல் வயலில் நிற்க முடியாது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, மருந்து தெளிப்பானைக் கழுவி வைப்பது போன்ற நிழல் வேலைகள்தான். மாலையில் களை.

சிக்கலும் அந்த விடியலில்தான். எங்கள் மின்மாற்றியில் இணைந்த எல்லா மோட்டார்களும் ஒரே நேரத்தில் ஓடும்போது மின்னழுத்தம் சரிகிறது. 415 வோல்ட்டுக்குச் செய்யப்பட்ட மோட்டார் 350இல் ஓடினால், அதன் சுழற்று விசை ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்துவிடும். இழுக்க வேண்டிய தண்ணீர் குறைவதில்லை. அதனால் மோட்டார் கூடுதல் ஆம்பியர் (மின்னோட்டம்) இழுக்கும், உள்ளே இருக்கும் கம்பிச் சுருளான ‘காயில்’ சூடேறும். சித்திரையில் மோட்டார் காயில் கட்டும் கடைகளில் வரிசை நிற்பதற்கு முதல் காரணம் இதுதான் என்பேன். இரண்டாவது காரணம், மூன்று முனையில் ஒன்று போய்விடுவது. மீதமிருக்கும் இரண்டு முனையில் ஓட முயலும் மோட்டார் சில நிமிடங்களிலேயே எரிந்துவிடும். ஆள் பக்கத்திலேயே இருந்தாலும் பெட்டியை எட்டுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

எங்கள் பெட்டியில் இருப்பவை இவை: முனை தவறினால் மோட்டாரை நிறுத்தும் பிரிவென்டர், மின்னோட்டம் அளவு மீறினால் நிறுத்தும் ஓவர்லோடு ரிலே, வோல்ட் மீட்டர், ஆம்பியர் மீட்டர், மின்சாரம் திரும்பியதும் சற்றுத் தாமதித்துக் கிளப்பும் டைமர், கம்பியில் ஓடும் மின்னோட்டத்தைக் குறைக்க உதவும் 2 கேவிஏஆர் அளவுள்ள கெப்பாசிட்டர். இதில் டைமர் மிகவும் முக்கியம். தானியங்கி ஸ்டார்ட்டர் வைத்திருக்கும் எல்லோருடைய மோட்டாரும் மின்சாரம் வந்த நொடியிலேயே கிளம்பினால் மின்னழுத்தம் படுத்துவிடுகிறது. பக்கத்து வயல்காரர்களுடன் பேசி, ஒவ்வொருவரும் டைமரை வேறு வேறு நேரத்துக்கு வைத்துக்கொண்டோம். காசு செலவில்லாத ஏற்பாடு. அதன் பிறகு எங்கள் மின்மாற்றியில் எரிந்த மோட்டார்கள் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தன.

ஓவர்லோடு ரிலே அடிக்கடி விழுந்தால் (மோட்டாரை நிறுத்தினால்) அதன் அளவைத் திருகி உயர்த்திவிடும் பழக்கம் ஊரில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ரிலே விழுகிறது என்றால் கீழே ஏதோ தவறாக இருக்கிறது. மெக்கானிக்கே திருகச் சொன்னாலும் ஏன் என்று கேளுங்கள்.

ஆம்பியர் மீட்டரைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதிப் பழுதுகளை முன்கூட்டியே பிடித்துவிடலாம். மோட்டார் புதிதாக இருக்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று பெட்டிக் கதவின் உட்புறத்தில் எழுதி வையுங்கள். வோல்ட் குறையாமலே முள் மேலே ஏறினால், சுழலும் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கலாம் அல்லது மணல் சிக்கியிருக்கலாம். முள் வழக்கத்துக்குக் கீழே இறங்கி ஆடினால், நீர்மட்டம் தாழ்ந்து பம்பு காற்றை இழுக்கிறது. உடனே நிறுத்திவிட வேண்டும். தண்ணீரில்லாமல் ஓடும் மோட்டாருக்குக் குளிர்ச்சியும் கிடையாது, புஷ்ஷுக்கு வழுவழுப்பும் கிடையாது. ஒரு கோடையில் முள் ஓரளவு சரியாகவே நின்றது, தண்ணீர் மட்டும் பாதியாகக் குறைந்தது. போர் வற்றிவிட்டது என்றே அப்பா கவலைப்பட்டார். மெக்கானிக் வந்து பார்த்து, "ஐயா, மின்கம்பத்தில் வேலை பார்த்தபோது முனை இடம் மாறியிருக்கிறது, மோட்டார் பின்பக்கமாகச் சுற்றுகிறது" என்றார். இரண்டு ஒயர்களை மாற்றிப் போட்டதும் பழையபடி தண்ணீர் கொட்டியது. மின்கம்பியில் வேலை நடந்த மறுநாள் தண்ணீரின் அளவைப் பார்ப்பது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது.

டெல்டா மண்ணுக்கே உரிய தொல்லை மணல். அடியில் வண்டலும் மணலும் அடுக்கடுக்காக இருப்பதால், தண்ணீர் உள்ளே வரும் துளைகள் கொண்ட பில்டர் குழாய்க்கு நேராக மோட்டாரைத் தொங்கவிட்டால் மணலை வாரிக்கொண்டு வரும், தண்ணீரைத் தள்ளும் சுழல்சக்கரமான இம்பெல்லர் தேய்ந்துவிடும். எங்கள் மோட்டாரை ஒரு குழாய் நீளம் மேலே தூக்கிக் கட்டிய பிறகுதான் தண்ணீர் தெளிந்தது. வெள்ளைத் துணியில் சற்று நேரம் தண்ணீரை வடித்துப் பார்த்தால் மணல் வருவது தெரிந்துவிடும். இன்னொன்று, எங்கள் பக்கம் ஆற்றில் தண்ணீர் வந்ததும் நிலத்தடி நீர்மட்டம் விறுவிறுவென்று ஏறிவிடும். கோடை ஆழத்துக்காக வாங்கிய பம்பை அப்போது முழுவதும் திறந்து ஓட்டினால், எதிர்ப்பு இல்லாததால் உள்ளே இருக்கும் இம்பெல்லர்கள் மேல்நோக்கித் தூக்கப்பட்டுத் தேயும். வெளிவரும் குழாயின் கேட் வால்வைச் சற்று மூடி ஓட்ட வேண்டும். இதை எந்தக் கடைக்காரரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கிழக்கே வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் இருப்பவர்கள் உப்புத் தண்ணீரையும் கணக்கில் எடுத்துத் துருப்பிடிக்காத எஃகு உடல் கொண்டதையே வாங்குவது நல்லது.

பெட்டிக்குள் பல்லி நுழைந்து, மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் காண்டாக்டரில் சிக்குவது, எறும்பு கூடு கட்டுவது, வயல் எலி கேபிளைக் கடிப்பது ஆகியவை கோடையில் கூடுதலாக நடக்கும். துளைகளைக் களிமண்ணால் அடைத்து, உள்ளே பாச்சை உருண்டை போட்டு வைக்கிறோம். மூடியைத் திறக்கும் முன் மெயினை அணையுங்கள். ஈரக் கையோடு யாரும் பெட்டியைத் தொடக் கூடாது. எங்கள் வீட்டில் அம்மா இதில் மிகவும் கண்டிப்பு.

பவர் டில்லரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும், அது அவ்வளவு தொல்லை கொடுத்ததில்லை. சேற்று உழவுக்கும் பருத்தி வரிசைகளுக்கு இடையில் ஓட்டவும் நல்ல கருவி. கோடையில் அதற்கு எதிரி புழுதி. எண்ணெய் நிரப்பிய காற்று வடிகட்டியைப் புழுதி உழவு நாட்களில் தினமும் திறந்து பார்க்க வேண்டும். எண்ணெய் சேறாகியிருந்தால் மாற்றிவிட வேண்டும். அதைக் கவனிக்காத டில்லர்களில் சிலிண்டர் தேய்ந்து, இன்ஜின் கிளப்புவதே பெரும்பாடாகிவிடும். பெல்ட் வெயிலில் தளரும். ஒரு ஜோடி எப்போதும் வீட்டில் இருக்கட்டும். வாங்கும் முன் யோசிக்க வேண்டியது வேறொன்று. 60 சென்டிமீட்டர் அகலத்தில் ஓர் ஏக்கரை ஒரு முறை ஓட்டி முடிக்க ஏறக்குறைய 7 கிலோமீட்டர் அதன் பின்னால் நடக்க வேண்டும், கைகளில் முழு அதிர்வையும் வாங்கிக்கொண்டு. அறுபது கடந்த அப்பாவை இனி ஓட்ட விடுவதில்லை. உளுந்து பிடுங்கிய பிறகு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் களிமண்ணில் டில்லரை இறக்குவதும் வீண், கத்திகள் உடையும். சித்திரை உழவுக்கு ஒன்பது கொத்துக் கலப்பை பூட்டிய டிராக்டரை வாடகைக்குப் பிடித்துவிடுகிறோம். வேளாண்மைப் பொறியியல் துறையிலும் மணிக் கணக்கில் வாடகைக்குக் கிடைக்கிறது, முன்கூட்டியே பதிந்துவைக்க வேண்டும்.

பழைய டீசல் இன்ஜின் பம்பை விற்றுவிடலாமா என்று அண்ணன் கேட்டதுண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் மின்கம்பங்களைச் சாய்த்துப் போட்டபோது, வயலுக்கு மின்சாரம் திரும்பும்வரை கைகொடுத்தது அதுதான். மாதம் ஒரு முறை கிளப்பிப் பார்த்து வைத்திருக்கிறோம்.

இன்று புதிதாக மோட்டார் இறக்குவதாக இருந்தாலும் இதே வகையைத்தான் வாங்குவேன். உள்ளே தண்ணீர் நிரப்பிய மோட்டார், உள்ளூரிலேயே காயில் கட்டக்கூடியது. எண்ணெய் நிரப்பியது விலை குறைவு என்றாலும், சீல் கசிந்தால் குடிக்கும் தண்ணீரிலும் எண்ணெய் கலந்துவிடும்; எங்கள் போரிலிருந்துதான் மாட்டுக்கும் தண்ணீர் போகிறது. காயில் கட்ட நேர்ந்தால் பங்குனிக்கு முன்பே கட்டிவிடுங்கள், சித்திரையில் கொடுத்தால் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. திரும்ப வாங்கும்போது கடையிலேயே, காயிலில் மின்கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் மெகர் கருவியை வைத்துச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். இறக்கும் முன் மோட்டாருக்குள் சுத்தமான தண்ணீரை நிரப்பி, காற்றுக் குமிழி முழுவதும் வெளியேறும்வரை காத்திருந்து மூடியைத் திருகுங்கள்.