மரச் சாமான்களுக்குப் பாலிஷ்: இந்த விடுமுறையில் ஊரில் செய்த வேலை

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும்போது பெற்றோர் வீட்டில் ஏதாவது ஒரு வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் எடுத்துக்கொண்டது மரச் சாமான்களை: தேக்குச் சாப்பாட்டு மேசை, அதன் நாற்காலிகள், ஓர் அலமாரி, வெளியே வெயிலில் கிடக்கும் ஒரு பெஞ்சு. மரத்தில் ஒரு குறையும் இல்லை. பூச்சுதான் உரிந்து, மேசை முழுக்க வெள்ளை வளையங்களாக இருந்தது.

விசாரித்த இடங்களில் எல்லாம் ஒரே பதில்: "பி.யூ. அடிச்சிடலாம் சார், பளபளன்னு இருக்கும்." பி.யூ. என்றால் பாலியூரித்தேன், மரத்தின் மேல் கெட்டியான படலமாக நிற்கும் பூச்சு. எனக்கு வேண்டியது பளபளப்பு அல்ல. தேக்கின் ரேகை தெரிய வேண்டும், தடவினால் மரத்தைத் தொட்ட உணர்வு இருக்க வேண்டும், அம்மா தினமும் ஈரத் துணியால் துடைத்தாலும் தாங்க வேண்டும். இதைச் சொன்னதும் ஒருவர் மரத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் வண்ண அட்டையை நீட்டினார். இன்னொரு இடத்தில் பி.யூ. என்று பேசி முடித்த பிறகு டப்பாவைக் காட்டச் சொன்னேன். அதில் மெலமைன் என்று வேறொரு வகைப் பூச்சின் பெயர் எழுதியிருந்தது. மெலமைன் மோசமான பூச்சு இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லி வேறொன்றை அடிப்பது சரியில்லை. வேலை தொடங்கும் முன் பிரிக்காத டப்பாவைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். இரண்டு பாக பி.யூ. என்றால் பூச்சு தனி டப்பா, அதை இறுகவைக்கும் ஹார்டனர் தனி டப்பா.

கடைசியில் வந்தவர் வயதான பாலிஷ்காரர். வந்ததும் மேசைக்கு அடியில் குனிந்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஓரிடத்தில் வைத்தார். பூச்சு பிசுபிசுவென்று கையோடு வந்தது. "அரக்கு தம்பி, பழைய காலத்து வேலை" என்றார். ஸ்பிரிட்டுக்கு இளகினால் அரக்கு. தின்னருக்கு மட்டும் இளகினால் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர்; இரண்டுக்கும் அசையாவிட்டால் வார்னிஷ், பி.யூ. மாதிரி இறுகிப்போன ஏதோ ஒன்று. பழைய பூச்சு எது என்று தெரியாமல் மேலே புதிதாக அடித்தால் ஒட்டாமல் உரியும், இல்லையென்றால் சுருங்கும். அதனால் இந்தச் சோதனையைச் செய்யாதவரிடம் வேலை கொடுக்க எனக்கு மனம் வராது. வளையங்களைப் பற்றியும் சொன்னார்: வெள்ளையாக இருந்தால் ஈரம் பூச்சுக்குள்ளேயே நின்றிருக்கிறது, கறுப்பாக இருந்தால் மரம்வரை இறங்கிவிட்டது.

அடுத்து நான் கேட்டதும் அவர் செய்ததும், இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த வேலை. மேசைப் பலகையின் அடிப்பக்கத்தில் ஒரு பகுதியை உப்புத்தாளால் 120, அப்புறம் 180, கடைசியாக 220 என்று ரேகையின் போக்கிலேயே தேய்த்து, பக்கத்தில் பக்கத்தில் நான்கு கட்டங்களாகப் பூசினார்: அரக்கு, மெழுகு கலந்த எண்ணெய், மேட் (பளபளப்பில்லாத) பி.யூ., தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட பி.யூ. பகல் வெளிச்சத்திலும் ராத்திரி விளக்கிலும் அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தோம். எண்ணெய் தேக்கைத் தேன் நிறத்துக்குக் கொண்டுபோயிருந்தது. தண்ணீர் வகை மஞ்சளிக்காது என்பது உண்மை. ஆனால் எங்கள் மரத்தில் கொஞ்சம் சோகையாகத் தெரிந்தது. அட்டையில் பார்க்கும் நிறம் வேறு, உங்கள் மரத்தில் விழும் நிறம் வேறு. எந்தக் கடையிலும் இந்தச் சோதனைக் கட்டத்தைக் கேட்டு வாங்குங்கள்.

அழகில் எண்ணெய்தான் என் தேர்வு. ஆனாலும் மேசைக்கு மேட் பி.யூ. போட்டோம். நான் கிளம்பிவிடுவேன், சூடான பாத்திரத்தை அங்கே வைக்கப்போவதும் சிந்தியதைத் துடைக்கப்போவதும் அம்மா. எண்ணெய்ப் பூச்சு சூட்டுக்கும் தேங்கும் தண்ணீருக்கும் அவ்வளவு நிற்காது, அடிக்கடி மேலே தேய்க்க வேண்டும். பி.யூ. நிற்கும். கீறல் ஆழமாக விழுந்தால் மட்டும் பெரும்பாலும் பலகை முழுவதையும் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டிவரும். மேட் என்றால் எல்லாக் கோட்டும் (ஒவ்வொரு முறை பூசும் படலமும்) மேட்டாக அடிக்கக் கூடாது என்பதையும் அவரிடம்தான் கேட்டேன். பளபளப்பைக் குறைக்கும் பொடி படலம் படலமாகச் சேர்ந்தால் ரேகை மங்கிவிடும். அடிக் கோட்டுகள் தெளிவாக, கடைசிக் கோட்டு மட்டும் மேட். அடிக்கும் முன் டப்பாவை நன்றாகக் கலக்க வேண்டும், அந்தப் பொடி அடியில் தங்கிவிடும். பலகையின் அடிப்பக்கத்துக்கும் பூசச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடைத்தால் ஈரம் மறுபக்கம் வழியாக ஏறி இறங்கி, பலகை வளையும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. பூசுவதற்குச் சற்று முன் தின்னரால் துடைத்தால் பிடிப்பு நன்றாக இருக்கும்.

நாற்காலிக் கைப்பிடிகளுக்கு மெழுகு கலந்த எண்ணெய். வியர்வை பட்டு மங்கும் இடத்தை மட்டும் லேசாகத் தேய்த்து, துணியால் மறுபடி பூசிக்கொள்ளலாம், ஆளைக் கூப்பிட வேண்டாம். அலமாரியில் அரக்கையே தொடர்ந்தோம். புது அரக்கு பழைய அரக்கை இளக்கி அதோடு கலந்துவிடும், உரிக்கும் வேலை இல்லை. ஈரக்காற்று அதிகமான நாளில் அரக்கு பூசினால் வெளுத்துப் பூத்துவிடும் என்று அவர் ஒரு நாள் வேலையை நிறுத்தினார். அந்தப் பொறுமைக்கே அவருக்குக் கும்பிடு போடலாம். வெளி பெஞ்சுக்கு எதுவும் அடிக்கவில்லை. வெயிலில் நிறமில்லாத பூச்சு வெடித்து உரியும். தேக்கை அப்படியே விட்டால் சாம்பல் நிறமாகும், ஆனால் உழைக்கும்.

இரண்டு விஷயம் பாதுகாப்புக்கு. ஆளி விதை எண்ணெய் மாதிரி உலர்கிற எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டிக் குவித்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். உடன் வந்த பையன் மூலையில் போட்டதை எடுத்து, வெளியே தனித்தனியாக விரித்துக் காயவைத்தோம். தண்ணீரில் ஊறப்போட்டாலும் சரி. இரண்டு பாக பி.யூ.வில் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் மூச்சுக்குழலுக்குக் கெடுதல். ஸ்பிரே அடிப்பவருக்குச் சாதாரணத் துணி மாஸ்க் போதாது, அதற்குரிய வடிகட்டி வைத்த மாஸ்க் வேண்டும். வீட்டுப் பெரியவர்களை அன்று வேறு இடத்தில் இருக்கச் சொல்லுங்கள்.

விடுமுறைக்காரர்கள் கணக்குப் போட வேண்டியது காய்கிற நேரத்தை. தொட்டால் ஒட்டாது என்பது சில மணி நேரத்தில் வந்துவிடும், பி.யூ. முழு பலத்துக்கு வர ஏறத்தாழ ஒரு வாரம், எண்ணெய்க்கு அதைவிட அதிகம். அதனால் திரும்பும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, வந்த கையோடு வேலையைத் தொடங்குங்கள். அந்த ஒரு வாரம் மேசையில் விரிப்பும் வேண்டாம், பாத்திரமும் வேண்டாம்.

மிஞ்சிய எண்ணெயை இறுக மூடித் தங்கையிடம் கொடுத்து, ஒரு நாற்காலியில் பூசியும் காட்டினேன். பிரித்த ஹார்டனர் காற்றின் ஈரம் பட்டுக் கெட்டுவிடும், அதை வைத்துப் பயனில்லை. எந்தச் சாமானுக்கு என்ன பூச்சு, எந்த மாதம் என்று எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். அடுத்து வரும் பாலிஷ்காரர் ஸ்பிரிட்டும் பஞ்சுமாகத் தேட வேண்டியிருக்காது.